ஏழு என்று ஒட்டிய பம்பு

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நானும் உன் தம்பி பெண்டாட்டியும் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறோம். நீ, அத்தான், சின்னக்குட்டி மூவரும் சுகம்தானே? உன் முழங்கால் படியேற விடுகிறதா?

போனில் பேசினால் அத்தான் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். பாதி அவர் பேசுகிறார், பாதி, டீசல் கலக்கும் அவர் டிப்போவின் மோட்டார் பேசுகிறது. நீ கடைசியில் வந்து "சரி, வச்சிடட்டா?" என்கிறாய். அதனால்தான் பழையபடி பேனாவை எடுத்துவிட்டேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

சேதி இதுதான்: வண்டி வந்துவிட்டது! பதினான்கு வருஷம் அடுத்தவன் லாரியை ஓட்டியவன், இப்போது என் லாரியை நானே ஓட்டுகிறேன். பத்து சக்கரம். கதவைச் சாத்தினால் பீரோவைச் சாத்துகிற சத்தம். உன் தம்பி பெண்டாட்டி அதற்கு ‘மூத்தாள்’ என்று பெயர் வைத்துவிட்டாள். "முதல்ல அவளைக் குளிப்பாட்டிட்டு வாங்க, அப்புறம் சோறு போடறேன்" என்கிறாள். பொறாமைதான், வேறென்ன.

மூன்று வருஷ வாரண்டி. ஷோரூம்காரர் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் பேனாவால் தட்டிக் காட்டினார். "டீசல்ல பயோடீசல் ஏழு சதவீதம் வரைக்கும் கலந்திருக்கலாம். அதுக்கு மேல போனா, இந்தப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில வச்சுக்குங்க, வேற எதுக்கும் உதவாது" என்றார்.

அத்தான் சொல்லித்தான் எனக்கு இந்தப் பேப்பர் மில் லோடு கிடைத்தது. மில் போகிற வழியிலேயே உங்கள் இரண்டாவது பங்க். வேறு இடத்தில் டீசல் போட்டுவிட்டு அத்தான் முகத்தில் விழிக்க முடியுமா? அங்கேதான் போடுகிறேன். பம்பில் ‘7’ என்று ஒட்டியிருக்கிறது. சும்மா ஒரு உறுதிக்குக் கேட்கிறேன்: அது ஏழுதானே? கலப்பது உன் கண்ணெதிரே டிப்போவில்தான். உனக்குத் தெரியாமல் இருக்காது.

அத்தானுக்கு என் வணக்கம். பதில் போடு.

அன்புத் தம்பி

*

ஜனவரி 30

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதம் வந்தது. வண்டி வந்த சேதி படித்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர், "இதுக்குப் போய் அழுவாங்களா?" என்றார். இதற்கு அழாமல் வேறு எதற்கு அழுவது?

இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னக்குட்டிக்குக் கண்ணாடி போட்டாயிற்று. என் முழங்கால் ஏறும்போது சும்மா இருக்கிறது, இறங்கும்போது கத்துகிறது. வீடு டிப்போவின் மாடியிலேயே இருப்பதால் நாளைக்கு இருபது தரம் இறங்கவேண்டியிருக்கிறது. பயோடீசல் ஹோட்டல்களில் பொரித்து மிச்சமான எண்ணெயில் செய்வதுதானே, வாசல் முழுக்க அந்த வாசனைதான். துணி காயப்போட்டால் துணியிலும்.

என் வேலையைக் கேட்டிருந்தாயா, நினைவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். டாங்கர் கிளம்பும் முன் அதிலிருந்து இரண்டு கண்ணாடி பாட்டில் பிடிக்கவேண்டும். மூடியில் மெழுகு உருக்கி சீல் வைத்து, தேதி எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒன்றை டிரைவரிடம் கொடுப்பேன். அது பங்குக்குப் போகும். இன்னொன்று இரும்பு அலமாரியில் ஒரு வருஷம் இருக்கும். சட்டம் அப்படி. அலமாரிச் சாவி என் இடுப்பில்தான் தொங்குகிறது. சின்னக்குட்டி என்னை ‘ஜெயிலர்’ என்கிறாள்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன். வண்டியை நிதானமாக ஓட்டு. உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்.

எழுதியதை அவரிடம் காட்டிவிட்டு ஒட்டுவது இந்த வீட்டு வழக்கம், உனக்குத் தெரியும். கமா விட்டுப்போனால்கூடப் பிடித்துவிடுவார். வண்டி எப்படி ஓடுகிறது என்று உன்னை விவரமாக எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
அக்கா
அவரும் படித்தார்.

*

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே குறையொன்றும் இல்லை. அங்கேயும் அப்படியே இருக்கட்டும். சின்னக்குட்டி கண்ணாடியோடு ஒரு படம் எடுத்து அனுப்பட்டும்.

அத்தான் கேட்டதற்குப் பதில் எழுதாமல் இருந்தால் மரியாதை இல்லை. இதோ: அத்தான் பங்க் டீசலில் வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. மேட்டில் முனகல் இல்லை, புகை இல்லை. பின்னால் வருகிறவனுக்குப் பசியெடுக்கும்படி ஒரு வாசனை மட்டும் வருகிறது. ஏழு என்ன, இருபது கலந்தாலும் முப்பது கலந்தாலும் என் வண்டி தாங்கும். நம்பி ஊற்றலாம்!

ஃபில்டர் மட்டும் இரண்டு தரம் மாற்றினேன். ரோட்டில் தூசி அதிகம், அதனால் இருக்கும்.

போன கடிதத்தில் நான் ஒன்று கேட்டிருந்தேன். அவசரமில்லை. நேரம் கிடைக்கும்போது எழுது.

அன்புத் தம்பி

*

மார்ச் 24

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். எனக்குத்தான் பத்து நாளாகக் கடைவாய்ப் பல் வலி. ஒரு பக்கமாக மென்று மென்று முகமே கோணிவிடும் போலிருக்கிறது.

உன் கடிதத்தை அவர் சத்தமாகப் படித்தார். முகமெல்லாம் சிரிப்பு. ‘வெண்ணெய் மாதிரி’ என்பதில் ஆரம்பித்து ‘நம்பி ஊற்றலாம்’ வரைக்கும் பெரிதாக்கிப் பிரதி எடுத்து, ‘சொந்தமாக லாரி வைத்திருப்பவர் சொல்கிறார்’ என்று மேலே போட்டு, சட்டம் அடித்து இரண்டு பங்கிலும் மாட்டிவிட்டார். கீழே உன் வண்டி நம்பர். ஃபில்டர் சேதி அதில் இல்லை. இடம் போதவில்லையாம்.

டிரைவர்கள் நின்று படிக்கிறார்களாம். உன்னால் நாலு வண்டி புதிதாக நம் பங்குக்கு வருகிறது. கண்ணாடிக்கு உள்ளே உன் கையெழுத்தைப் பார்க்கும்போது எனக்கு என்னவோ செய்கிறது. நீ சின்ன வயதில் பொய் சொல்லும்போது எழுத்து வலப்பக்கம் சாயும். அதே சாய்வு. நான்தான் அப்படி நினைத்துக்கொள்கிறேன் போலிருக்கிறது.

நீ கேட்டிருந்தது என்னவென்று மறந்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அக்கா
அவரும் படித்தார். சாய்வு என்றால் என்ன என்று கேட்டார்.

*

மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பல்வலி தேவலையா? சின்னக்குட்டி நலமா? இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. மூத்தாள்தான் படுத்துவிட்டாள்.

ஏப்ரல் கடைசியில், பேப்பர் ரோல் ஏற்றிக்கொண்டு மேடேறும்போது இருமினாள், நின்றுவிட்டாள். கட்டி இழுத்துக்கொண்டு போய்க் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். மெக்கானிக் ஆயில் பார்க்கும் கம்பியை உருவினார். உருவியவர் என்னையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். இன்ஜின் ஆயில் ஓட ஓடக் குறையும், நமக்குத் தெரியும். இதில் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரல் ஏறி நிற்கிறது. எரியாத பயோடீசல் ஒழுகிப் போய் ஆயிலில் கலந்திருக்கிறதாம். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஆறும் கோந்து பிடித்து அடைத்துக்கிடந்தன.

"ஏழுக்கு இப்படி ஆகாதுங்க. ஏழுல எத்தனையோ வண்டி ஜாம்ஜாம்னு ஓடுது" என்றார். டாங்கிலிருந்து எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முப்பத்தொன்று.

வாரண்டி இல்லை என்று கம்பெனிக் கடிதம் வந்துவிட்டது. பங்கில் ஏழு என்று நம்பித்தான் போட்டேன் என்றால், எரிபொருள் ஆய்வு அலுவலகத்தில் எழுதிக்கொடுங்கள் என்கிறார்கள். விற்றவர் கலந்தது உறுதியானால் விற்றவரே இன்ஜினைச் சரிசெய்து தரவேண்டுமாம். ஆனால் என் வாய்வார்த்தை போதாது, சீல் வைத்த சாம்பிள் பாட்டில் வேண்டும். பங்குக்குப் போன பாட்டில்களைக் கேட்டேன். கழுவி வைத்துவிட்டார்களாம்.

அக்கா, சுற்றி வளைக்கவில்லை. மார்ச், ஏப்ரல் பாட்டில்கள் உன் அலமாரியில் இருக்கும். எங்கேயோ தவறு நடந்திருக்கிறது. அத்தான் தெரிந்து செய்திருக்கமாட்டார். அவரிடம் கேட்டு ஒரே ஒரு பாட்டில் அனுப்பு.

மார்ச்சிலேயே வண்டி சரியில்லை. காலையில் ஸ்டார்ட் ஆக மூக்கால் அழுதது. அத்தான் படிப்பார், உன்னைக் குத்திக்காட்டுவார் என்று வெண்ணெய் என்று எழுதினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

அன்புத் தம்பி

*

ஜூன் 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

தங்கள் கடிதம் கிடைத்தது. நமது டிப்போவில் கலப்பது ஏழு சதவீதம் மட்டுமே. தாங்கள் வழியில் வேறு எங்காவது டீசல் போட்டிருக்கக்கூடும். மாதிரி பாட்டில்கள் டிப்போவின் உடைமை, வெளியாருக்குத் தருவதற்கில்லை. மேலும், இருபது முப்பது கலந்தாலும் தாங்கும் என்று தாங்களே கைப்பட எழுதியிருக்கிறீர்கள் என்பதை நினைவில் கொள்ளவும்.

இருந்தாலும் சொந்தம் விட்டுப்போகாது. நமது டாங்கருக்கு ஒரு டிரைவர் தேவைப்படுகிறது. டிப்போவிலிருந்து இரண்டாவது பங்குக்கு வாரம் நான்கு நடை. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி முதல் தாங்கள் வந்து சேரலாம். தங்க இடமும் உண்டு.

இப்படிக்கு,
அக்கா
அவரும் படித்தார். இரண்டு தரம் படித்தார்.

*

ஜூன் 9

தம்பி,

நலம் விசாரிக்க நேரமில்லை. பல் டாக்டர் வீட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் வெளியே வண்டியில் இருக்கிறார். மருந்து வாசனை அவருக்கு ஆகாது. எனக்கு முன்னால் மூன்று பேர். என் முறை வந்தால் அடுத்தவரை விட்டுவிடுவேன். இதை எழுதி முடிக்கவேண்டும். நர்ஸ் அம்மாவே தபாலில் போட்டுவிடுகிறேன் என்றிருக்கிறார்.

போன கடிதம் என் கை, அவர் வாய். உன்னை நான் எப்போதாவது ‘தாங்கள்’ என்றிருக்கிறேனா?

கலப்பது முப்பது. போன வருஷத்திலிருந்து முப்பது. டீசலைவிட அது மலிவு, அதனால். ஏழு என்று ஸ்டிக்கர் அடித்து, காற்றுக் குமிழி இல்லாமல் தேய்த்து ஒட்டச் சொல்லி அனுப்பியது நான். ஜனவரியில் நீ கேட்டபோதே எழுதியிருக்கவேண்டும். எழுதினேன். அவர் படித்தார். அந்தத் தாளைக் கிழித்து, வேறு தாள் எடுத்துக் கொடுத்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. தாள் எடுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

லாரிக் கம்பெனிக்காரர் வந்து, பங்கில் சட்டம் போட்டு மாட்டிய உன் எழுத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார். தெரிந்தேதான் ஊற்றினாய் என்று சொல்ல அவர்களுக்கு அது போதும். உனக்கு மிச்சம் இருப்பது பாட்டில்தான். ஏப்ரல் 11 தேதிப் பாட்டில் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து, அரிசி டின்னுக்குள் இறக்கி வைத்திருக்கிறேன். மெழுகு உடையவில்லை. என் கையெழுத்து இருக்கிறது.

அதைக் கொடுத்தால் டிப்போவைப் பூட்டுவார்கள். மாடி வீடும் டிப்போவோடு சேர்ந்ததுதான். அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. கொடுக்காவிட்டால் உன் வண்டி போய்விடும். இதை நான் உன்மேல் போடுவது தப்பு. ஆனால் தனியாக முடிவு செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதே. வழக்கமான கடிதமாக எழுது, அவர் படிக்கிற மாதிரி. பாட்டில் வேண்டுமென்றால், என் பல்வலி எப்படி இருக்கிறது என்று அதில் கேள். நான் ஆய்வு அலுவலகத்தில் கொடுத்துவிடுகிறேன். வேண்டாமென்றால் பல்லைப் பற்றிக் கேட்காதே.

கூப்பிடுகிறார்கள். அடுத்தவரை விட்டுவிட்டேன்.

அக்கா

*

ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

தம்பி எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். அத்தானுக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா? சின்னக்குட்டிக்குக் கண்ணாடி பழகிவிட்டதா? உன் முழங்காலுக்கு மாடிப்படியில் கைப்பிடி வைக்கச் சொல். மோட்டார் சத்தம் குறைந்ததா? வாசல் கேட் கீல் போனதாக எப்போதோ சொன்னாய், அதை மாற்றினீர்களா? துணி காயப்போடப் பின்பக்கம் கயிறு கட்டினால் வாசனை பிடிக்காது.

அத்தான் சொன்ன டாங்கர் வேலைக்கு வருகிறேன். ஒன்றாம் தேதி காலையில் டிப்போவில் இருப்பேன். தங்க ஓரமாக ஒரு கட்டில் போட்டால் போதும். உன் தம்பி பெண்டாட்டி இங்கேயே தையல் வேலையைப் பார்த்துக்கொள்வாள்.

மூத்தாளை இன்ஜின் இல்லாத விலைக்குக் கேட்கிறார்கள். கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். நேற்று ஒர்க்‌ஷாப் போய் உள்ளே இருந்த துண்டு, தண்ணீர்ப் பாட்டில், சீப்பு எல்லாம் எடுத்துக்கொண்டேன். கதவைச் சாத்தினேன். அதே பீரோ சத்தம். வீடு திரும்பியபோது உன் தம்பி பெண்டாட்டி வாசலில் நின்று, "போனா போகட்டும், இனிமே வீட்டுக்கு நான் ஒருத்திதான்" என்று சிரித்தாள். உள்ளே போய் வெகுநேரம் குழாயைத் திறந்துவைத்திருந்தாள்.

அத்தான் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வழியில் வேறு எங்கோ டீசல் போட்டிருப்பேன். இப்போது யோசித்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

வேறு விசேஷம் இல்லை. வேறு எதுவும் கேட்கவேண்டியதும் இல்லை.

அன்புத் தம்பி

*

ஜூலை 20

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். அங்கே நீங்கள் இருவரும் நலமாக இருக்கவேண்டும்.

கேட் கீலைக் கேட்டாய். துணிக்கயிற்றைக் கேட்டாய். மோட்டாரைக் கேட்டாய். என் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடிதத்தை மூன்று தரம் படித்தேன். வலப்பக்கமாகச் சாய்ந்த எழுத்து, ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும்.

நீ கேட்காததற்குப் பதில் எழுதுகிறேன். திங்கட்கிழமை பஸ் ஏறி ஆய்வு அலுவலகத்துக்குப் போனேன். அரிசி டின்னில் இருந்ததால் பாட்டிலில் ஒரு அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. மேஜைக்காரர் அதைத் தட்டிவிட்டுக் கேட்டார்.

"கையெழுத்து யாரோடது?"

"என்னோடது."

"சீல் வச்சது?"

"நான்தான்."

"பம்புல ஏழுன்னு ஒட்டினது?"

"ஸ்டிக்கரை அடிச்சு அனுப்பினதும் நான்தான்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா, இதை எழுதினா உங்க பேரும் இதுல வரும். யோசிச்சுட்டு வாங்க" என்றார். ஆறு மாதமாக யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்றேன். எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் டிப்போவுக்கு வருகிறார்களாம்.

உனக்காக மட்டும் செய்தேன் என்று நினைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்து அழாதே. உன் எழுத்தைப் படித்துவிட்டு நாலு வண்டிக்காரர்கள் முப்பதை ஊற்றிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு மூத்தாள் இருப்பாள். அதைவிட, ஒன்றாம் தேதி நீ அந்த டாங்கரில் ஏறி உட்காருவாய், நான் பாட்டிலில் பிடித்து, கையெழுத்துப் போட்டு, உன் கையிலேயே கொடுக்கவேண்டும். அதை நினைத்தபோதுதான் எனக்குத் தைரியம் வந்தது. ஒன்றாம் தேதி வராதே. வண்டியை விற்காதே.

பயமாக இருக்கிறது, தம்பி. மறைக்க என்ன இருக்கிறது. இந்த வீடு போனால் எங்கே போவது என்று தெரியவில்லை. அவர் நல்லவரா கெட்டவரா என்று இத்தனை வருஷத்தில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சின்னக்குட்டிக்குக் காய்ச்சல் வந்தால் மூன்று நாள் தூங்காத மனுஷன். நான் எழுதியதைக் கிழித்து வேறு தாள் கொடுத்ததும் அவர்தான்.

இதுவரை எழுதிவிட்டு, வழக்கம்போல் அவரிடம் படிக்கக் கொடுத்தேன்.

மீதியை அவர் படித்த பிறகு எழுதுகிறேன். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து படித்தார். ஆய்வு அலுவலகம் வந்த இடத்தில் நின்றார். திரும்ப மேலே போய்ப் பல் வந்த இடத்தைப் படித்தார். அப்புறம் கடைசி வரைக்கும். தாளைக் கிழிப்பார் என்று காத்திருந்தேன். இன்னொரு தடவை எழுதத் தயாராக, மடியில் வெற்றுத்தாள் வைத்திருந்தேன்.

கிழிக்கவில்லை. மடித்து என்னிடமே கொடுத்தார். கீழே டீசல் கலக்கும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "அப்ப அன்னிக்கு நீ பல்லைப் பிடுங்கிக்கலையா?" என்று கேட்டார்.

"இல்ல. இன்னும் வலிக்குது" என்றேன்.

எழுந்து கீழே போனார். மோட்டார் சத்தம் நின்றது. எதற்கு நிறுத்தினார் என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் மேலே வரவில்லை.

இப்படிக்கு,
அக்கா
அவரும் படித்தார்.